இலையுதிர்காலத்தில் பாட்டுத் தேடி

எஸ்டோனியாவின் தாலின் நகரத்தில் கத்ரியோர்க் பூங்காவைத் தாண்டிக் கடற்பக்கமாக நடந்தால், பாட்டு விழாக்கள் நடக்கும் பாட்டுத் திடல் வந்துவிடும். அக்டோபரில் அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. பரந்த புல்சரிவு, அதன் அடிவாரத்தில் 1960இல் எழுப்பிய வளைவுக் கூரை மேடை. சரிவின் மேலே நின்று பார்த்தால் கூரைக்கு அப்பால் சாம்பல் நிறக் கடல். அந்த மேடையின் அளவு பிடிபடவே எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. நம் ஊர் மைதானங்களில் மேடை சிறியது, கூட்டம் பெரியது. எஸ்டோனியாவில் மேடையிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். படிப்படியாக உயரும் அந்தத் தளம் முழுவதும் பாடுகிறவர்களுக்கு. நாட்டின் மொத்த மக்கள்தொகையே 13 லட்சத்துச் சொச்சம்தான்.

முதல் பாட்டு விழா 1869இல், தார்த்து நகரில் நடந்தது. அன்று மேடையேறிய குழுக்களில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். இப்போது கலப்புக் குழு, ஆண்கள் குழு, பெண்கள் குழு, பையன்கள் குழு, பிள்ளைகள் குழு, அதற்கும் இளைய சின்னக் குழந்தைகளின் குழு என்று தனித்தனிப் பிரிவுகள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பாட்டுப் பட்டியல். பெருவிழா ஐந்தாண்டுக்கு ஒருமுறை. இளையோருக்கென்று 1962 முதல் வேறொரு விழா. பட்டியல் வெகுநாள் முன்பே வெளியாகிவிடும். ஊர் ஊராகக் குழுக்கள் அதைப் படித்து, தேர்வாளர்கள் முன்னால் பாடிக்காட்டித் தகுதி பெற்றால்தான் மேடை. பழைய பாட்டுகளோடு புதிதாக எழுதி வாங்கிய பாட்டுகளும் பட்டியலில் இருக்கும். ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துப் பத்து வயதுப் பெண், உயிரோடிருக்கும் ஓர் இசையமைப்பாளர் தன் வயதுக்காரர்களுக்கென்று எழுதியதைப் படித்துக்கொண்டு அந்த மேடைக்கு வருகிறாள். அந்தப் பட்டியல்தான் என்னை அவ்வளவு தூரம் இழுத்துப் போனது.

தென் தமிழ்நாட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கொயர் சொல்லித்தருகிறேன். சொப்ரானோ, இரண்டாம் சொப்ரானோ, ஆல்டோ என்று மேலிருந்து கீழாக மூன்று குரல்கள். டெனர், பேஸ் என்ற ஆண்குரல்கள் கிடையாது. பெண்களும் குரல் உடையாத சிறுவர்களும் மட்டும் பாடும் இந்த வகைக் குழுவை ட்ரெபிள் கொயர் என்பார்கள். இப்படிப்பட்ட குழுக்களுக்கு நம் பக்கத்தில் கிடைப்பது இரண்டு வகைப் பாட்டுகள். ஒன்று, பெரியவர்களின் நான்கு குரல் பாட்டில் கீழ்க்குரல்களை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தருவது. மற்றது வானவில், பட்டாம்பூச்சி, உலக சமாதானம். இரண்டுமே பிள்ளைகளைக் குறைத்து மதிப்பவை என்பது என் எண்ணம். பதினாலு வயதுப் பெண்ணின் மனதில் என்னென்ன ஓடுகிறது என்பது வகுப்பில் நிற்கிற எந்த ஆசிரியைக்கும் தெரியும். அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவள் பாடும் பாட்டு தொடுவதில்லை.

தாலினில் ஒரு பெண்கள் குழுவின் பயிற்சியைப் பார்க்க இடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெரிய அறை, மரத்தரை, மூலையில் நிமிர்ந்த பியானோ. பெண்கள் சப்பாத்துகளைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டுக் காலுறையோடு நின்றார்கள். நடத்துநர் நடுவயது கடந்த பெண்மணி. அன்று எடுத்துக்கொண்டது எஸ்டோனிய இசையமைப்பாளர் வெல்யோ தோர்மிஸின் ‘இலையுதிர்கால நிலக்காட்சிகள்’. ஏழு சிறு பாட்டுகள். சில, ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும். 1964இல் எழுதியது. பின்னர் வசந்தம், கோடை, குளிர் என்று மற்றப் பருவங்களும் சேர்ந்து, 1969க்குள் பெண்குரல்களுக்கான நான்கு தொகுதிகளாக நிறைந்தது. ‘இயற்கைப் படங்கள்’ என்று அதற்குப் பொதுப்பெயர்.

இலையுதிர்காலத் தொகுதியின் கவிதைகள் விவி லூயிக் எழுதியவை. அவர் பிறந்தது 1946இல். கணக்குப் பாருங்கள்: தோர்மிஸ் இசையமைத்தபோது கவிஞருக்கு வயது பதினேழோ பதினெட்டோ. அவருடைய முதல் கவிதைத் தொகுப்பே அடுத்த ஆண்டுதான் வந்தது. முப்பத்துநாலு வயது இசையமைப்பாளர் ஒருவர், மாஸ்கோ கன்சர்வேட்டரியில் படித்து முடித்தவர், பள்ளி வயதுப் பெண்ணின் வரிகளை எடுத்து அவற்றுக்குத் தன் முழுத் திறமையையும் கொடுத்திருக்கிறார். கோடையின் கடைசி நாட்கள், மேகம் ஓடுகிறது, இலைகள் வலிக்கும்படி சிவந்திருக்கின்றன, தரிசு நிலத்தின் மேல் காற்று, குளிர்ந்த இரவு. இதில் யாருக்கும் புத்திமதி இல்லை. ஆறுதலும் இல்லை. பாடுகிறவள் வெளியே நிற்கிறாள், குளிர்கிறது, அவ்வளவுதான். பாடிய பெண்கள் அதைத் தங்களுடையதாகவே பாடினார்கள்.

நான் கவனித்தது குரல்களின் கட்டுமானத்தை. ஆண்குரல் இல்லாத குழுவுக்குத் தரை கிடையாது. அந்தக் குறையை மறைக்கப் பலர் ஆல்டோவைத் தோண்டித் தோண்டிக் கீழே இறக்குவார்கள். பெண்கள் தொண்டையை இறுக்கிக்கொண்டு பேசுவதுபோலப் பாடுவார்கள். தோர்மிஸ் அதைச் செய்வதில்லை. ஒரு குரல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவை அதன்மேல் நெருங்கி உரசி நிற்கும். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் ஒன்றோடொன்று மோதும்போது எழும் அதிர்வே அங்கே கனம். மேல்குரல்கள் மட்டும் இருப்பதால்தான் அந்த உரசல் அவ்வளவு துல்லியமாகக் காதில் விழுகிறது. பேஸ் சேர்ந்திருந்தால் மங்கிப்போயிருக்கும்.

பயிற்சி முடிந்ததும் நடத்துநரிடம் பேசினேன். பாட்டு தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். சுரத்தாளைப் பிறகுதான் திறப்பேன், கவிதையை மட்டும் தனித்தாளில் எழுதி வாய்விட்டுப் படிப்பேன் என்றார். படித்தபின் அறையில் இருக்கும் பெண்களில் ஒருத்தியாவது அதைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டும். யாருக்கும் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லையென்றால் எவ்வளவு அழகான இசையாக இருந்தாலும் எடுப்பதில்லையாம். இரண்டு குரலில் எழுதியதை நான்கு குரலுக்குக் கீழே வைக்கிற பழக்கம் தவறு என்பதையும் அழுத்திச் சொன்னார். குரல்களின் எண்ணிக்கை சிரமத்தையும் காட்டாது, தரத்தையும் காட்டாது.

அவர் இன்னொன்றும் சொன்னார். பதின்மூன்று, பதினாலில் பெண்களின் குரலும் மாறுகிறது. பையன்களுக்குப்போல உடைந்து விழுவதில்லை. காற்றுக் கலந்து, நடுப்பகுதி சற்று வெறுமையாகிவிடும். அந்த வயதில் நீண்ட, உரத்த, உயரமான வரிகளைக் கொடுத்தால் குரல் களைக்கும். எவ்வளவு உயரம் என்பதைவிட எவ்வளவு நேரம் உயரத்திலேயே நிறுத்திவைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் காற்றுக் கலந்த குரலையே பயன்படுத்திக்கொள்கிற பாட்டுகள் இருக்கின்றன. கிசுகிசுப்பு, பேச்சு, மூச்சு எல்லாம் எழுதப்பட்ட பாட்டுகள். குறைபோலத் தெரிவது அங்கே நிறமாகிவிடுகிறது.

தோர்மிஸுக்குப் பின்னால் ரெகிலௌல் என்கிற பழைய நாட்டுப்பாடல் மரபு இருக்கிறது. ஒருத்தி ஓரடி பாட, கூட்டம் அதன் கடைசி அசைகளில் சேர்ந்துகொண்டு அடியைத் திருப்பிப் பாடும். சுர எல்லை மிகக் குறுகியது; நாலைந்து சுரங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். அதைப் பாடிக் காத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நடவு வயலில் ஒரு கிழவி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாக இராது. 1967இல் தோர்மிஸ் எழுதிய ‘நாட்காட்டிப் பாட்டுகள்’ தொகுதியில் பெண்களுக்கானவை கத்ரி நாள் என்ற திருநாளின் பாட்டுகளும் ஊஞ்சல் பாட்டுகளும். எஸ்டோனிய ஊஞ்சல் நம்முடையதைப்போல ஒருவர் உட்கார்ந்து ஆடுவதல்ல. கிராமத்துப் பொதுவிடத்தில் மரத்தால் செய்த பெரிய தட்டு. பலர் சேர்ந்து நின்று ஆட்டுவார்கள். அந்தத் தாளத்தை உடம்பு அறியாமல் பாட்டு வராது என்பதால், நல்ல ஆசிரியர்கள் பிள்ளைகளை முதலில் அசைந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

இந்த நாட்டில் சுரம் படிக்கக் கற்றுத்தரும் முறையும் தனி. டோ ரே மி என்று சொல்வதில்லை. ஜோ லே மி. ரிஹோ பாட்ஸும் ஹெய்னோ கல்யுஸ்டேயும் உருவாக்கியது. நம் ஷட்ஜமம் எந்தச் சுருதியிலும் அமர்வதுபோல அந்த ஜோவும் எங்கே வேண்டுமானாலும் அமரும். கல்யுஸ்டே 1951இல் தொடங்கிய பிள்ளைகள் குழுதான் எல்லர்ஹெய்ன். அதன் பெண்கள் குழு, எஸ்டோனிய தேசிய ஆண்கள் குழுவோடு சேர்ந்து பாவோ யார்வி நடத்த, ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் கான்டாட்டா என்னும் நீண்ட பாட்டுப் படைப்புகளைப் பாடியது. அந்த இசைத்தட்டு 2004இல் கிராமி பெற்றது. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நிகராக ஒரு பள்ளி வயதுக் குழு நிற்க முடிந்ததென்றால், அதன் பின்னால் ஆண்டுக்கணக்கான பாட்டுத் தேர்வு இருக்கிறது.

மறுநாள் தாலினுக்கு மேற்கே, ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் உள்ள லௌலஸ்மாவுக்குப் போனேன். பைன் காட்டுக்குள், இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் பெயரில் அமைந்த மையம். 2018இல் திறந்தார்கள்; நியெத்தோ சொபெஹானோ என்ற ஸ்பானியக் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தது. மரங்களை வெட்டித் தள்ளாமல் அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து சுவர்கள். தோர்மிஸிடம் இளவயதில் பாடம் கேட்டவர் பார்ட். 1959இல், பிள்ளைகள் குழுவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக, ‘எங்கள் தோட்டம்’ என்றொரு கான்டாட்டா எழுதினார். பிள்ளைகள் தோட்டம் போடுகிற உற்சாகமான இசை. பல ஆண்டுகள் கழித்து ஒரு நீண்ட மௌனம். 1976இல் முற்றிலும் வேறொரு பாணியோடு வெளியே வந்தார். ஒரு குரல் படிப்படியாக அடுத்தடுத்த சுரத்துக்கு நடக்கும். கூடவே வரும் குரல் ஒரே சுரக்கூட்டின் மூன்று சுரங்களுக்குள் மட்டும் நிற்கும். அடிப்படை விதி அவ்வளவுதான்.

பெண்குரல்களுக்கு அவர் 1998இல் எழுதியது ‘இரண்டு ஜெபிப்போர்’. லூக்கா சுவிசேஷத்துப் பரிசேயனும் ஆயக்காரனும் கோயிலுக்குப் போகிற கதை, ஜெர்மன் மொழியில். தாளில் பார்த்தால் காலியாகத் தெரியும்; புதிதாக வந்த குழுவுக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் ஏமாறக் கூடாது. ஒளிந்துகொள்ள இடமே இல்லாத இசை அது. நிசப்தமான தாள அளவுகளையும் எண்ண வேண்டும். ஒருத்தியின் சுருதி இம்மி விலகினாலும் முழுக் கட்டடமும் சாய்ந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலமும் ஒரு சிரமமும் உண்டு. தம்புராவோ சுருதிப்பெட்டியோ கேட்டு வளர்ந்த காது, ஐந்தாம் சுரத்தின் தூய்மையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆனால் சுரத்தை அசைக்காமல், கமகத்தின் நிழல்கூடப் படாமல் எட்டு எண்ணிக்கை நிறுத்துவது தனிப் பயிற்சி. அதற்கு ஓராண்டு எடுத்துக்கொண்டாலும் தகும்.

தாலினிலிருந்து ஹெல்சின்கிக்கு ஃபின்லாந்து வளைகுடாவைக் கடந்து கப்பல். ஏறத்தாழ 80 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஜன்னலோரம் சுரத்தாள்களைப் பரப்பிக்கொண்டேன். தோர்மிஸின் படைப்புகளை அச்சிடும் ஃபென்னிக்கா கேர்மன் நிறுவனமே கடலுக்கு அந்தப் பக்கம், ஃபின்லாந்தில்தான் இருக்கிறது. தலைக்கு ஒரு பிரதி விலை கொடுத்து வாங்குவது என்பது நம் பள்ளிகளில் பழக்கமில்லாத செலவு. உயிரோடிருப்பவர்களின் பாட்டைப் பாட வேண்டுமென்றால் அந்தச் செலவைச் செய்தாக வேண்டும். ஒரு பிரதியை வாங்கி நாற்பது நகல் எடுக்கிற இடத்தில் புதுப்பாட்டு பிறக்காது.

புதுமை என்றதும் இன்றோ நேற்றோ எழுதியதைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருந்த குஸ்தாவ் ஹோல்ஸ்ட், ரிக் வேதத்தைப் படிக்கச் சமஸ்கிருதம் கற்று, தானே மொழிபெயர்த்து இசையமைத்தார். அதில் 1910இல் முடித்த மூன்றாம் தொகுதி பெண்குரல்களுக்கும் ஹார்ப்புக்கும் மட்டுமானது. பள்ளிப் பெண்களுக்கு எது எட்டும் என்று தினமும் பார்த்த மனிதர், விடியலையும் நீரையும் பாடுகிற வேதப் பாடல்கள் அவர்களுக்கு எட்டும் என்று முடிவுசெய்திருக்கிறார். நூற்றாண்டு தாண்டியும் அந்தத் துணிச்சல் புதிதாகவே இருக்கிறது.

ஹெல்சின்கியிலிருந்து மெட்ரோ ஏறினால் சிறிது நேரத்தில் தாபியோலா. 1950களில் மரங்களுக்கு நடுவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய குடியிருப்பு நகரம். தாழ்ந்த வெள்ளைக் கட்டடங்கள், நடுவே குளம், எங்கு திரும்பினாலும் பிர்ச் மரம். அங்குள்ள பள்ளியில் இசையாசிரியராக இருந்த எர்க்கி போஹ்யோலா 1963இல் ஒரு பிள்ளைகள் குழுவைத் தொடங்கினார். பாடுகிற பிள்ளை வாத்தியமும் வாசிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இருக்கிற பிள்ளைப் பாட்டுகளோடு நின்றுவிடாமல், நாட்டின் முன்னணி இசையமைப்பாளர்களிடம் போய் எங்களுக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டார். 1971இல் பிபிசி நடத்திய சர்வதேச கொயர் போட்டியில் அந்தக் குழு வென்றது.

ஃபின்லாந்து இசையமைப்பாளர் எய்னோயுஹானி ரௌதவாராவின் ‘லோர்கா தொகுதி’ 1973இல் எழுந்தது. கலப்புக் குழு, பிள்ளைகள் குழு இரண்டுக்கும் வடிவங்கள் உண்டு. நான்கு பாட்டுகள், ஸ்பானிய மொழியிலேயே. குதிரையில் கோர்தோபாவை நோக்கிப் போகிறவன், தான் போய்ச் சேரப் போவதில்லை என்பதை அறிந்திருக்கிறான். அடுத்தது ஒரு கூக்குரல், மலைக்கு மலை தாவுகிறது. பிறகு நிலா. கடைசியில் ஒரு மதுக்கடைக்குள் மரணம் வருகிறது, போகிறது. எழுதிய கவிஞன் லோர்காவை 1936இல் சுட்டுக் கொன்றார்கள்.

இதைப் போய்ப் பிள்ளைகளிடம் கொடுப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊரில் நிச்சயம் கேட்பார்கள். தெருவில் ஒரு சாவு விழுந்தால் ஒப்பாரி நம் பிள்ளைகளின் காதில் விழாமலா இருக்கிறது? பாட்டியைப் பந்தலில் கிடத்தியிருக்கும்போது பக்கத்தில் நின்ற பெண்தான் திங்கட்கிழமை கொயருக்கு வருகிறாள். அவளிடம் இருக்கும் துக்கத்துக்கு ஒரு வடிவம் வேண்டும். அந்த வடிவம் வேறொரு நாட்டில், வேறொரு மொழியில், தன் வீட்டைச் சுட்டாமல் வருவது ஒருவகையில் உதவி. குதிரைக்காரனுடைய பயத்தைப் பாடும்போது தன் பயத்தையும் அவள் அதற்குள் வைத்துவிட முடியும். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ரௌதவாரா அதைத் தாளத்தால் கட்டியிருக்கிறார். கீழே குதிரையின் ஓட்டம் விடாமல் ஒலிக்க, மேலே வரி நீளுகிறது. உணர்ச்சியைக் காட்டு, முகத்தில் சோகம் கொண்டுவா என்று ஆசிரியர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தாளத்தைச் சரியாகப் பிடித்தால் பயம் தானாக வந்துவிடும். உணர்ச்சி மிக்க பாட்டு என்று நான் சொல்வது இந்த வகையைத்தான். பாடுகிறவள் நடிக்க வேண்டியிராத பாட்டு.

விளையாட்டுக்கும் இடம் உண்டு. ஸ்வீடனின் ஆர்னே மெல்னாஸ் 1969இல் மேல்குரல்களுக்கு எழுதிய ‘அக்லெப்தா’ ஒரு பழைய மந்திரம். பகைவனை வாயடைக்க வைக்கச் சில சொற்களைச் சொல்லி அவன் பக்கமாக ஊத வேண்டுமாம். அதன்பின் அவனுக்குப் பதில் வராது. முனகல், கிசுகிசுப்பு, ஊதல் எல்லாம் தாளில் எழுதியிருக்கிறது. வழக்கமான சுரக்குறிகளோடு கோடுகளும் வளைவுகளும். சுரத்தாள் படிக்கத் தெரிந்தவளும் தெரியாதவளும் அதன் முன்னால் ஏறக்குறைய சமம். வகுப்பில் பின்வரிசையில் ஒதுங்கி நிற்கிற பெண் இதில் முதலில் வாய் திறப்பாள். ‘மிஸ், இதுல ட்யூனே இல்லையே’ என்று ஒருத்தி கேட்பாள் என்பதும் தெரியும். கேட்கட்டும். கேள்வி வருகிற பாட்டைத்தானே தேடிப் போனேன்.

எஸ்டோனிய மொழிக்கு நாங்கள் பயப்பட வேண்டியதில்லை என்பது இன்னொரு தெளிவு. உயிரொலிகள் நிறைந்த மொழி. நமக்குக் குறில், நெடில். அவர்களுக்கு அதற்கு மேலும் ஒரு நீளம் உண்டு. மாத்திரை எண்ணிப் பழகிய நாக்குக்கு அது வசப்படும்.

தாபியோலாவின் குளக்கரையில் உட்கார்ந்து அடுத்த கல்வியாண்டுக்கான வரிசையை எழுதினேன். ஜூனில் பள்ளி திறந்ததும் அக்லெப்தா. ஊதவும் முனகவும் வெட்கம் போன பிறகு, தோர்மிஸின் ஏழில் இரண்டு. கவிதையைத் தமிழில் பெயர்த்து முதலில் தாளாகக் கொடுத்துவிடுவேன். லோர்காவின் குதிரைக்காரன், பெரிய வகுப்புப் பெண்களுக்கு மட்டும், அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு. பார்ட் அடுத்த ஆண்டுக்கு.

பட்டியலில் தமிழ்ப்பாட்டு இல்லாமல் முடியாது. அதற்கு நான் செய்ய நினைப்பது போஹ்யோலா செய்ததைத்தான். நம்மிடையே இசையமைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கொயருக்கு எழுதுங்கள் என்று பள்ளிக்கூடம் எதுவும் அவர்களைக் கேட்பதில்லை, பணம் கொடுத்துக் கேட்பது அதைவிட அபூர்வம். கடிதத்தை ஹெல்சின்கி விமான நிலையத்திலேயே எழுதிவிட்டேன். மூன்று குரல்கள். ஆல்டோ நடு ஸியைத் தாண்டிக் கீழே இறங்கலாம், ஆனால் அங்கேயே வெகுநேரம் நிற்க வேண்டாம். சொப்ரானோவை உச்சியில் தொங்கவிட வேண்டாம். பியானோ தேவையில்லை; ஒரு பறையோ உடுக்கையோ சேரலாம். நான்கு நிமிடத்துக்கு மிகாமல் இருக்கட்டும். சொற்கள் எங்கள் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி மழை பெய்யாத ஆண்டைப் பற்றி எழுதிய கவிதையிலிருந்து. அவளிடம் அனுமதி வாங்கிக் கவிதையை முதலில் அனுப்புகிறேன். படித்துப் பார்த்துவிட்டு உங்களுக்கு ஏதாவது கேட்கத் தோன்றினால் எழுதுங்கள், தொகையைப் பற்றி அதன்பிறகு பேசுவோம்.